ஆறாம் திணைக்குப் பொழுது எங்கே?

புலம்பெயர் இலக்கியம் பற்றி எந்தக் கூட்டத்தில் பேச்சு எழுந்தாலும் பத்து நிமிடத்துக்குள் ‘ஆறாம் திணை’ வந்துவிடும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்தோடு பனியும் பனி சார்ந்த இடமும் ஆறாவதாகச் சேர்ந்துவிட்டது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம். யாரும் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை.

அடுத்த கேள்வி இதுதான். தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலம் ஒன்றை மட்டுமா? நிலமும் பொழுதும் சேர்ந்துதான் முதற்பொருள். முல்லைக்குக் காடு மட்டும் போதாது, கார்காலமும் மாலையும் வேண்டும். குறிஞ்சிக்கு மலையோடு கூதிரும் முன்பனியும் யாமமும் வேண்டும். பாலைக்கு நண்பகல் வேண்டும். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகவும் நாளைச் சிறுபொழுதுகளாகவும் பிரித்து, இன்ன வேளையில் இன்ன மனநிலை என்று வரையறுத்த மரபு நம்முடையது. அந்த மரபின் பெயரைச் சொல்லி ஆறாம் திணைக்கு நிலத்தைப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டோம். அதன் பொழுது எங்கே?

வடக்கே பொழுது என்ன ஆகிறது என்று பாருங்கள். டிசம்பர் 21-ஆம் தேதி ஹெல்சிங்கியில் சூரியன் காலை ஒன்பதரைக்குச் சற்று முன்னால் எழுந்து மாலை மூன்றேகாலுக்குள் இறங்கிவிடுகிறது. ஓஸ்லோவிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். இன்னும் வடக்கே ட்ரோம்சோவுக்குப் போனால் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஒரு நீல மங்கல், அவ்வளவுதான். நண்பகல் என்ற சிறுபொழுதே ஏழு வாரத்துக்கு இல்லாமல் போகிறது. மாலை என்பது மதியச் சாப்பாடு செரிக்கும் முன்பே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தொல்காப்பியர் அங்கே பிறந்திருந்தால் பனியைப் பற்றி ஒரு வரி எழுதியிருப்பார். பொழுதைப் பற்றி ஓர் இயலே எழுதியிருப்பார்.

நாம் செய்தது தலைகீழ். பனியை எழுதினோம், இருட்டை எழுதவில்லை. பனி கண்ணுக்கு அழகு, உருவகத்துக்கு வசதி. வெள்ளை என்றால் அந்நியம், குளிர் என்றால் பிரிவு, மரத்துப்போன விரல் என்றால் மரத்துப்போன உறவு. இருட்டு அப்படிக் கையில் அகப்படாது. அது உடம்புக்குள் போய் வேலை செய்கிறது. அந்த வேலைக்குத் தமிழில் புழங்கும் பெயர் ஒன்று இன்னும் அமையவில்லை. பெயர் இல்லாததால் அதையும் ‘ஊர் ஞாபகம்’ என்ற பழைய பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறோம். இது வெறும் இலக்கியக் குறை என்றால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். இதனால் ஆட்கள் கஷ்டப்படுகிறார்கள்.

அந்த வேலை என்ன என்று கண்டுபிடித்த கதையே நமக்கு ஒரு பாடம். நார்மன் ரோசெந்தால் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் வளர்ந்தவர். 1976-இல் மனநல மருத்துவம் மேற்கொண்டு படிக்க நியூயார்க் போனார். வெயில் நாட்டிலிருந்து போனவருக்கு முதல் குளிர்காலத்திலேயே தெம்பு குறைந்தது, வேலை தேங்கியது. வசந்தம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. அடுத்த வருஷமும் அதே கதை. அவர் நம்மைப் போல ‘தாய்மண்ணே, உன் கதிரவன் எங்கே’ என்று எழுதி அனுப்பியிருக்கலாம். அவர் தேதியைப் பார்த்தார். பிறகு அமெரிக்க தேசிய மனநல ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தபோது, தன் மனநிலையின் ஏற்ற இறக்கத்தைப் பல வருஷமாகக் குறித்து வைத்திருந்த ஒரு பொறியாளர் அந்த ஆய்வாளர்களைத் தேடி வந்திருந்தார். அவருக்கு மிகப் பிரகாசமான செயற்கை வெளிச்சத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள்; பலன் இருந்தது. 1984-இல் ரோசெந்தாலும் சகாக்களும் இந்தப் பருவகால மனச்சோர்வை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு குடியேறியும் ஒரு நோட்டுப் புத்தகமும் சேர்ந்து செய்த வேலை அது. நம்மிடம் குடியேறிகளுக்கும் பஞ்சமில்லை, நோட்டுப் புத்தகத்துக்கும் பஞ்சமில்லை. தேதியைத்தான் யாரும் போடவில்லை.

இதற்குள்ளே இருக்கும் இயக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல், வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் உண்டு. அவற்றில் மெலனாப்சின் என்ற நிறமி இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில்தான் இது தெளிவானது. இந்தச் செல்கள் அனுப்பும் சேதியை வைத்து மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. மெலடோனின் எப்போது சுரக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று முடிவாகிறது. காலையில் வெளிச்சம் போதவில்லை என்றால் கடிகாரம் பின்தங்குகிறது. எழுந்து வேலைக்குப் போனாலும் உடம்பைப் பொறுத்தவரை இன்னும் விடியவில்லை. எல்லாருக்கும் இது நோயாவதில்லை. சிலருக்கு ஆகிறது. அப்படி ஆகும்போது வரும் அறிகுறிகளை நம் இலக்கிய வாசகர்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

நம் மரபில் துயரம் என்றால் என்ன? தூக்கம் வராது. சோறு இறங்காது. உடம்பு மெலியும், வளை கழலும், பசலை படரும். சங்கப் பாட்டிலிருந்து சினிமாப் பாட்டு வரை இதே பட்டியல்தான். குளிர்கால மனச்சோர்வில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர் எதிர். அளவுக்கு மீறித் தூக்கம் வரும், பத்து மணி நேரம் தூங்கினாலும் போதாது. மாவுச்சத்தும் இனிப்பும் கேட்டு வயிறு நச்சரிக்கும். எடை கூடும். கைகால் ஈயம் ஊற்றியதுபோல் கனக்கும். ஆட்களைப் பார்க்கப் பிடிக்காது. பசலைக்குப் பழகிய நம் கண்ணுக்கு இது துயரமாகவே தெரியாது. வீடியோ காலில் பையன் கன்னம் உப்பியிருந்தால், “நல்லா கொழுத்துட்டான், அங்க சாப்பாடு ஒத்துக்கிச்சு” என்று வீடே சந்தோஷப்படும். பதினொரு மணி வரை தூங்குகிறான் என்று தெரிந்தால், “சோம்பேறி ஆயிட்டான்.” இரண்டும் தப்பு. ஆனால் வீட்டைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்களுக்கு வேறு சொல்லை நாம் எழுதிக் கொடுத்தோமா?

எனக்குத் தெரிந்த ஒருவன், நம் ஊர்ப் பையன், வட இங்கிலாந்தில் முதுகலை படிக்கப் போனான். நவம்பரில் போன் அடித்தால், “ஒன்னும் இல்ல லா மச்சான், தூக்கம்தான் வருது” என்பான். டிசம்பரில் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டான். ஜனவரியில் ஒரு கவிதை எழுதினான். தோட்டத்துக் கோயில், பாட்டியின் வெற்றிலைப் பெட்டி, ஜன்னலுக்கு வெளியே வெள்ளை. எழுத்தாளர் குழுவில் போட்டதும் பாராட்டு குவிந்தது. ‘புலம்பெயர் வலியின் புதிய குரல்’ என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் மூன்றாவது படிமத்தை இன்னும் இறுக்கலாம் என்றார். உனக்குத் தூக்கம் எப்படி இருக்கிறது என்று அந்தக் குழுவில் ஒரு ஆள் கேட்கவில்லை. ஏப்ரலில் அவனே எழுந்துவிட்டான், காரணம் தெரியாமலே. அடுத்த அக்டோபர் மறுபடியும் படுத்தபோது, அதே வீட்டில் தங்கியிருந்த ஒரு நர்ஸ் அக்காதான், “போன வருஷமும் இதே மாசமா தம்பி?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் அவனை டாக்டரிடம் கூட்டிப் போனது. எங்கள் இலக்கியக் குழுக்களின் மொத்த விமர்சனத் திறமையும் கேட்காத கேள்வி அது.

இங்கேதான் என் சோதனை. தாய்நாட்டு ஏக்கம் ஏப்ரலில் தீருமா? யாழ்ப்பாணத்தை இழந்த துக்கம் வசந்தத்தில் சரியாகி, மறுபடி அக்டோபரில் வருமா? வராது. அது வருஷம் பூராவும் இருக்கும், ஜூலை வெயிலிலும் இருக்கும். நாள்காட்டியைப் பார்த்து வந்து, நாள்காட்டியைப் பார்த்துப் போகிற சோர்வு வேறு சரக்கு. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டினால் இரண்டுக்கும் அநியாயம். போரில் வீடு இழந்தவரின் துக்கத்தை வெளிச்சக் குறைவு என்று சுருக்க நான் வரவில்லை. அப்படிச் சுருக்குகிறவன் முட்டாள். ஆனால் அதே மனிதருக்கு அந்தத் துக்கத்தின் மேல் இன்னொரு சுமையாகக் குளிர்காலம் ஏறி உட்காரும்போது, தீர்க்கக்கூடிய சுமையையும் தீராத சுமையோடு சேர்த்து விதியாக்கிவிடுகிறோம். வலியைப் புனிதப்படுத்துவது எளிது. அதில் எந்தப் பகுதிக்கு மருந்து இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் மரியாதை.

1994-இல் வந்த புலம்பெயர் சிறுகதைத் தொகுப்புக்குப் ‘பனியும் பனையும்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது தேவையான தலைப்பு. அங்கே பனி, இங்கே பனை; நடுவில் ஒரு மனிதன். ஆனால் முப்பது வருஷம் கழித்தும் நாம் அந்த எதிர்வை விட்டு நகரவில்லை. 1980-களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் நார்வேயின் வடகோடியில், ஃபின்மார்க் பகுதியின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்திருக்கிறார்கள். எழுபது பாகை வடக்கு. இரண்டு மாதம் சூரியன் எழாத ஊர்கள். ஈரக் கையுறை, குழல்விளக்கு, வெட்டுமேசை. அந்தத் தொழிற்சாலைக்குள் ஒரு தமிழ் உடம்புக்கு டிசம்பரில் என்ன ஆனது? தூங்கியதா, தின்றதா, யாரிடமும் பேசாமல் இருந்ததா? நான் படித்தவரை ஏக்கம் நிறையக் கிடைக்கிறது. இந்த உடம்பு கிடைக்கவில்லை. எழுதப்பட்டிருந்தால் காட்டுங்கள், கும்பிட்டு வாங்கிப் படிக்கிறேன்.

அங்கே இருக்கிறவர்கள் இதற்குச் சொல் வைத்திருக்கிறார்கள். நார்வேக்காரர்கள் ‘மோர்க்கெதீத்’, அதாவது இருட்டுக்காலம் என்கிறார்கள். ஃபின்லாந்துக்காரர்களுக்குக் ‘காமோஸ்’. சொல் இருப்பதால் சடங்கும் இருக்கிறது. ட்ரோம்சோவில் ஜனவரி நடுவில் சூரியன் திரும்பினாலும் மலை மறைப்பதால் 21-ஆம் தேதிவாக்கில்தான் ஊருக்குள் தெரியும். அன்று சூரிய நாள். பிள்ளைகள் ‘சூரிய பன்’ தின்கிறார்கள். நம் பொங்கல் எப்போது? ஜனவரி 14, 15. சூரியனுக்குப் பானை வைக்கும் ஒரு இனம், சூரியன் நிஜமாகவே காணாமல் போய்த் திரும்பி வருகிற ஊரில், அது திரும்புகிற வாரத்திலேயே பொங்கல் வைக்கிறது! உலகத்தில் வேறெந்தத் தமிழனுக்கும் பொங்கல் இத்தனை நேரடியான அர்த்தத்தில் வாய்த்ததில்லை. இதிலும் நாம் எழுதுவது என்ன? ‘ஊர்ப் பொங்கல் போல் வருமா.’ அடப் போங்கப்பா.

இனி இந்தப் பக்கம் நிற்கிற இன்னொரு கோஷ்டிக்கு வருகிறேன். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள். ‘குளிரும் மனசில்தான், சோர்வும் மனசில்தான், பாசிட்டிவா இரு’ என்பவர்கள். அவர்கள் கையில் ஒரு நல்ல சான்று இருப்பது உண்மை. கேரி லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ட்ரோம்சோவிலேயே தங்கி, குளிர்காலத்தை வாய்ப்பாகப் பார்க்கிற மனப்பாங்குக்கும் நலமாக இருப்பதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார். ஐஸ்லாந்தில் 1990-களின் தொடக்கத்தில் செய்த ஆய்வில், அமெரிக்கக் கிழக்குக் கரையைவிட அங்கே இந்தப் பாதிப்பு குறைவாகவே இருந்தது. 2016-இல் அமெரிக்கக் கணக்கெடுப்புத் தரவை அலசிய ஓர் ஆய்வு, மனச்சோர்வு பருவத்தைப் பொறுத்து மாறுவதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. சரி, விவாதம் இருக்கிறது. ஆனால் இதிலிருந்து ‘எல்லாம் மனசுதான்’ என்று தாவ முடியாது. அந்த மனப்பாங்கு தனி ஆள் கண்ணாடி முன்னால் நின்று வரவழைத்துக்கொண்டதில்லை. பல தலைமுறையாக ஒரு ஊரே சேர்ந்து கட்டியது: இருட்டுக்கு ஒரு பெயர், ஜன்னலில் மெழுகுவர்த்தி, வெளிச்சம் போட்ட பனிச்சறுக்குப் பாதை, மழையானாலும் பனியானாலும் வெளியே போகிற பழக்கம். நேற்று விமானத்தில் இறங்கிய நம் பிள்ளைக்கு இதில் எது இருக்கிறது? அவனிடம் போய் மனசை மாத்திக்கோ என்பது, வயர் இழுக்காத வீட்டில் சுவிட்ச்சைப் போடு என்பதுபோல.

இன்னொன்றும் உண்டு. வெளிச்சமும் எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. ஆறு மணி நேரம்தான் பகல் என்றால் அந்த ஆறு மணி நேரம் நீ எங்கே இருக்கிறாய் என்பதே கேள்வி. ஜன்னல் ஓரத்து மேசை யாருக்கு? விடியுமுன் அலுவலகம் பெருக்கப் போய், கிடங்கில் பெட்டி அடுக்கி, இருட்டிய பின் பஸ் பிடிக்கிறவர் யார்? பெரும்பாலும் குடியேறிதான். அவருக்கு வாரத்தில் ஐந்து நாள் சூரியன் என்பது கேள்விப்பட்ட சங்கதி. இது மனசின் குறையா, வேலை அட்டவணையின் குறையா? ஏக்கக் கவிதை இந்தக் கேள்வியைக் கேட்கவே விடாது. அதற்கு முதலாளி கிடையாது, விதி மட்டும்தான்.

கட்டடங்களுக்கு மின்னமைப்பு வரைவது என் வேலை, அதனால் லக்ஸ் என்பது நான் அன்றாடம் புழங்கும் எண். நம் ஊர் நண்பகல் வெயிலில் வெட்டவெளியில் 100,000 லக்ஸ் வரை வரும். சாதாரண அலுவலக அறைக்கு 300 முதல் 500 லக்ஸ் வைத்து வரைவோம். கண் இரண்டையும் ‘வெளிச்சம்’ என்றே சொல்லும், ஏனென்றால் அது தன்னைச் சரிசெய்துகொள்கிறது. உடல் கடிகாரம் ஏமாறாது. இந்தச் சோர்வுக்குப் பயன்படுத்தும் சிகிச்சை விளக்கு 10,000 லக்ஸ் தர வேண்டும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரம், உற்றுப் பார்க்காமல், முகத்தில் படும்படி, தயாரிப்பாளர் சொல்லும் தூரத்தில். வீட்டு விளக்கை இரண்டாக மாட்டினால் அது வராது. விளக்கு வாங்கக் காசில்லை என்றால், மேகம் மூடிய நாளானாலும் காலையில் வெளியே நடப்பது அறைக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு மேல். இருமுனை மனநிலைக் கோளாறோ கண் நோயோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் விளக்கைத் தொடக் கூடாது. வைட்டமின் டி-யை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது தோல் வழி, இது கண் வழி. பிரிட்டனில் இலையுதிர், குளிர்காலங்களில் எல்லாரும் தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ள யோசிக்கச் சொல்கிறார்கள். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு வருஷம் முழுக்க. எலும்புக்கு அது தேவை, ஆனால் மனச்சோர்வுக்கு அதையே நம்பி உட்கார முடியாது. பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் கெல்லி ரோஹன் குழு, இந்தச் சோர்வுக்கென்றே வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை விளக்கோடு ஒப்பிட்டது. முடிவில் இரண்டும் சமம். இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது பேச்சுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மறுபடி வந்தது குறைவு. செத்துவிடலாம் என்று தோன்றுகிற அளவுக்குப் போனால் விளக்கைத் தேடாதே தம்பி, மனுஷனைத் தேடு. அன்றைக்கே.

“வருஷம் பூரா வெயில் அடிக்கிற மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு உனக்கென்ன இந்தக் கவலை?” என்று கேட்கலாம். கோலாலம்பூரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் அரை மணி நேரம்கூட வித்தியாசமில்லைதான். ஆனால் ஒவ்வொரு செப்டம்பரும் இங்கிருந்து நம் பிள்ளைகள் விமானம் ஏறுகிறார்கள். அவர்களுக்கு நாம் கட்டிக் கொடுப்பது ஸ்வெட்டரும் ஊறுகாயும் ஏக்கக் கவிதையும். அதுபோக, பொழுது என்றால் என்னவென்று தெரிந்த இலக்கியம் நம்முடையது. தோட்டத்துக் கதைகளில் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடுகிறவர்கள் உருவகத்துக்காக ஓடவில்லை. விடியுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் சம்பளம் குறையும், சம்பளம் குறைந்தால் லயத்தில் சண்டை வரும். பருவம் எப்படி வயிற்றையும் மனசையும் பிடிக்கிறது என்று படிப்படியாக எழுதிக் காட்டியவர்கள் நம் முன்னோர்.

ரப்பர் மரத்துக்கும் வருஷத்தில் ஒரு குளிர்காலம் உண்டு. பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் இலையை மொத்தமாக உதிர்த்துவிட்டு நிற்கும். துரைமார் அதை ‘வின்டரிங்’ என்றார்கள். துளிர்க்கிற வரை பால் குறையும். அந்த மாதங்களில் எந்தக் கங்காணியும் மரத்தைப் பார்த்து ‘பாசிட்டிவா இரு’ என்று சொன்னதில்லை. மரம் தன் தாய்நாடான பிரேசிலை நினைத்து ஏங்குகிறது என்று யாரும் பாட்டுக் கட்டவுமில்லை. இது இந்த மாசம் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்து, அதற்கேற்ப வேலையை மாற்றினார்கள். மரத்துக்குக் கொடுத்த அந்த அறிவை மனுஷனுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே வடக்கே இருக்கும் எழுத்தாளர்களே, பனி போதும். மதியம் மூன்று மணிக்கு இருட்டும்போது உங்கள் உடம்பு என்ன செய்கிறது என்று தேதி போட்டு எழுதுங்கள். தின்பதை எழுதுங்கள், தூங்குவதை எழுதுங்கள், மார்ச் மாதம் ஒரு நாள் திடீரென்று பாத்திரம் கழுவத் தோன்றுவதை எழுதுங்கள். இங்கே இருக்கும் நாம், பிள்ளை போன் அடித்தால், “சாப்பிட்டியா? குளிருதா?” என்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம்: “இன்னிக்கு வெளிச்சம் பார்த்தியாய்யா?”